இடக் கன்னம் இல்லாத ஆல்பம்

பாஸ்போர்ட் படத்துக்காகச் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். "நேரா பாருங்க ஆன்ட்டி," என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறாள் படமெடுக்கும் பெண். நேராகத்தானே பார்க்கிறேன்! எரிச்சலாக வருகிறது.

எனக்குப் பிறவியிலேயே இடப்பக்கத் தாடை சிறுத்திருந்தது. எழுபதுகளின் கடைசியில், ஆறு வயதில், விலா எலும்பில் ஒரு துண்டெடுத்து அங்கே வைத்தார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டது. ஆனால் நான் வளர வளர, வலப்பக்கம் வளர்ந்த அளவுக்கு இடப்பக்கம் வளரவில்லை. வாய் மறுபடியும் கோணியது.

தீபாவளிக்குத் தீபாவளி சிராங்கூன் சாலை ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுப்போம். விளக்குச் சூட்டில் புதுத்துணியின் கஞ்சி வாசனை எழும். அப்பாவின் விரல் என் மோவாயைப் பிடித்து இடப்பக்கம் திருப்பும். "அப்படியே இரு. ஆடாத லா."

பதினைந்து வயதில் அடுத்த அறுவைசிகிச்சைக்குப் போனோம். முகம் வருடா வருடம் எப்படி வளர்ந்தது என்று பார்க்க, நேராக எடுத்த பழைய படங்களைக் கேட்டார் டாக்டர். அப்பா ஆல்பத்தைப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். ஒன்றில்கூட என் இடக் கன்னம் இல்லை.

"அழகா இருக்கட்டும்னுதான்..." என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சிகிச்சையில் தாடை நேராகிவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை.

"நீங்களே பாருங்க ஆன்ட்டி," என்று அந்தப் பெண் கேமராவை நீட்டுகிறாள். மூன்று படத்திலும் என் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது.