பாகால் ஏரியில் கணவரைத் தேடிய பிற்பகல்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் பாகால் ஏரிக்குப் போனதற்குக் காரணம் ஏரி அல்ல, ரயில்வே பாஸ். என் கணவர் ஆசீர்வாதம் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. தமக்குக் கிடைத்த இலவசப் பாஸ் டிசம்பரோடு வீணாகிவிடும் என்று நாங்கள் குடியிருக்கும் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். வாரங்கலுக்கு அப்பால் காட்டு நடுவே பெரிய ஏரி, கரையில் பங்களா, சமையல்காரன்கூட உண்டு என்று பட்டறையில் யாரோ சொன்னார்களாம். அது யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்க ஆசை.

செகந்திராபாத்தில் காலை ஆறரைக்குப் பாசஞ்சர் ஏறினோம். எண்பது மைல் சொச்சம். வாரங்கல் சேரும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்து நர்சம்பேட்டைக்கு மோட்டார் பஸ், தலைக்கு ஆறணா. "இதோ கிளம்புது, அம்மா" என்று டிரைவர் ஒரு மணிக்குச் சொன்னார். இரண்டரைக்கும் அதையே சொன்னார். ஒருவழியாக மூன்றுக்குக் கிளம்பி, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அன்றிரவு சத்திரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மாட்டுவண்டி பிடித்தோம். எட்டு மைல், மூன்று மணி நேரம், இரண்டு ரூபாய். எங்கள் கண்டோன்மெண்டில் செல்லும் பிரிட்டிஷ் காசை வண்டிக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். ஆகவே வாரங்கலிலேயே நிஜாம் சர்க்காரின் ஹாலி சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பங்களா இருந்தது. பூட்டியும் இருந்தது. காவல்காரர் வீரய்யா எங்களை ஏற இறங்கப் பார்த்து, "காகஸ் ஹை?" என்றார். வாரங்கல் சர்க்கார் கச்சேரியிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கி வரவேண்டுமாம். அதுவும் அந்த வாரம் ஒரு ஜாகீர்தாரின் விருந்தாளிகள் வேட்டைக்கு வந்திருந்தார்கள். "அந்தர் நக்கோ, அம்மா" என்று உள்ளே விட மறுத்துக் கையை விரித்துவிட்டார். என் கணவரோ கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கடிதம் அங்கிருந்து விழும் என்பதுபோல.

வீரய்யாவின் மனைவி எல்லம்மா இரக்கப்பட்டு, சமையல்கட்டை ஒட்டிய விறகு அறையை ஒழித்துக் கொடுத்தாள். வீரய்யா ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னார்: மதியத்துக்குமேல் கிழக்குக் கரைக் காட்டில் பறையடித்து மிருகங்களை விரட்டுவார்கள், துப்பாக்கி பேசும், ஏரிக்கட்டை என்கிற அணைக்கரையைத் தாண்டக்கூடாது. என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடு எனக்குப் பதினாறு வருஷப் பழக்கம்.

ஒரு மணிக்கு நான் உலை வைத்தேன். "ஒரு எட்டு நடந்துட்டு வந்துருதேன், ஞானம்" என்றார்.

"கட்டையைத் தாண்டாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

இரண்டரை மணிக்கு முதல் வெடிச்சத்தம் கேட்டது. சோறு ஆறிப்போயிருந்தது. ஏரிக்கட்டையில் ஆள் இல்லை. வீரய்யாவை விருந்தாளிகள் கூட்டிப்போயிருந்தார்கள். எல்லம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒரு பித்தளைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு, "பதம்மா" என்று முன்னால் நடந்தாள்.

கட்டை ஒரு மைல் நீளம். அதன் முடிவில் ஒற்றையடிப் பாதை தேக்குக்கும் மூங்கிலுக்கும் நடுவே நுழைகிறது. எல்லம்மா தட்டை அடித்தபடி, "மனுஷுலம்! மனுஷுலம்!" என்று கத்தினாள். நாங்கள் மனிதர்கள், சுடாதீர்கள் என்று அர்த்தம். நானும் சேர்ந்து கத்தினேன். தெலுங்கிலும் தக்கினி உருதுவிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வளர்ந்த குரல் அன்றுதான் உதவியது. அவரைத் திட்டுவதற்காகவாவது அவர் உயிரோடு இருக்கட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன்.

அரை மைல் போனதும் தலைக்குமேலிருந்து, "ஞானம்!" என்று ஒரு குரல். இலுப்பை மரத்தில் வேட்டைக்காகக் கட்டிய பழைய பரண்மேல், கிளையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பறையடிப்பவர்கள்தாம் அவரைப் புதருக்குள் கண்டு, கீழே நின்றால் செத்தாய் என்று மேலே ஏற்றிவிட்டுப் போனார்களாம்.

"எவ்வளவு நேரம் கத்தினேன் தெரியுமா? ஒருத்தனுக்கும் கேக்கல."

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவரால் இறங்க முடியவில்லை. விரல்கள் விறைத்திருந்தன. எல்லம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவரை இறக்கினாள். தரையில் கால் பட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். திட்டுவதற்கு நான் சேர்த்துவைத்திருந்த அத்தனையும் அடியோடு மறந்துபோயிற்று.

திரும்பும்போது ஏரிக்கட்டையில் உட்கார்ந்தோம். வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. எதிர்க்கரைக் குன்றுகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று நாள் பயணத்தில் நான் ஏரியைப் பார்த்தது அந்த அரை மணி நேரம்தான். அவ்வளவு தண்ணீரை அவ்வளவு அமைதியாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதிக் கடிதம் முதலில் வாங்குங்கள். அரிசி, பருப்பு, கொசுவலை கொண்டுபோங்கள். சமையல்காரன் என்று எவனும் கிடையாது. வேட்டை நாட்களைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எல்லம்மாவைப் பார்த்தால் செகந்திராபாத் டீச்சரம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான் கட்டாயம் மறுபடி போவேன். அவரையும் கூட்டிப்போவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.