ராக்கெட் போட மாட்டேன் என்றேன்

போன மாதம் தஞ்சாவூரில் என் மச்சினன் மகன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். பையன் பெங்களூரில் விளம்பரப் படங்கள் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறான். கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். செக்கச்செவேலென்று மணல், வானத்தில் இரண்டு நிலா, ஓரமாக ஒரு வெள்ளி ராக்கெட். கீழே கொட்டை எழுத்தில், 'செவ்வாய்க்கு வாருங்கள், இடம் நிறைய இருக்கிறது!' அவனே வரைந்ததாம். "ரெட்ரோ ஸ்டைல் மாமா. அந்தக் காலத்து பிரஸ் போஸ்டர் மாதிரியே இருக்குல்ல?" என்றான்.

"அட சனியனே, நீ இங்கயும் வந்துட்டியா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பையன் தன்னைத்தான் சொல்கிறேன் என்று முகம் சுண்டிப்போனான். "உன்னை இல்லப்பா, ராக்கெட்டை" என்று சமாதானப்படுத்தி ஒரு டம்ளர் பாலை வாங்கிக் குடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தச் சட்டத்தில் புது வார்னிஷ் வாசனை அடித்தது. பக்கத்தில் போய் நின்றேனா, மூக்கு நேராக என்னைக் கீழ்வேளூர்க் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே ஓர் அச்சகத்தில் நான் படம் வெட்டுகிறவனாக இருந்தேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது. சோற்றிலும் அதுதான் மணக்கும். எழுத்துக்கு அச்சு இருந்தது. படத்துக்கு, லினோலியம் என்கிற ரப்பர் மாதிரியான விரிப்பை மரக்கட்டையில் ஒட்டி, சின்ன உளியால் செதுக்கி, மை தடவி அடிப்போம். ஓவியனாக வேண்டும் என்று கிளம்பியவன் நான். சொந்தமாக ஒரு படம் போட்டு ஊரே அதைப் பார்த்து நிற்க வேண்டும் என்று ஆசை. ஆசைக்கு என்ன, யாருக்குத்தான் இல்லை!

அந்த ஆசையில் மண் அள்ளிப் போட்டது நிலா. மனுசன் நிலாவில் கால் வைத்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பத்திரிகையில் வந்த மங்கலான ஒரு படத்தைப் பார்த்து ஒரு ராக்கெட் வெட்டினேன். நிஜ ராக்கெட்டை நான் எங்கே கண்டேன்? முதலாளி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, பாவக்காய்க்கு வால் மொளச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆனால் அதை வைத்து ஒரு சர்க்கஸ் போஸ்டர் அடித்ததுதான் தாமதம், வட்டாரமே பைத்தியம் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டது.

உரக்கடைக்காரருக்கு நெற்கதிரிலிருந்து ராக்கெட் கிளம்ப வேண்டும். கிளப்புக்கடைக்காரருக்கு ராக்கெட் இட்லியைச் சுமந்து போக வேண்டும். கோயில் திருவிழா நோட்டீசுக்கு வந்த தர்மகர்த்தா, "தேருக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்கட்டும், சனம் பாக்கும்" என்றார். கட்சிக் கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். எந்தக் கட்சியாக இருந்தாலும் என் பாகற்காய்தான் பறக்கும், வண்ணம்தான் வேறு. இதற்கெல்லாம் சிகரம் வைத்த மாதிரி ஒருத்தர் தன் அப்பாவின் கருமாதிப் பத்திரிகைக்கு வந்து ராக்கெட் கேட்டார். "எதுக்குங்க?" என்றேன். "அப்பா மேலதான போயிருக்காரு?" என்றார். இதற்கு மேல் ஒரு மனுசன் என்னத்தைச் சொல்ல? போட்டுக் கொடுத்தேன். தலைதலையாக அடித்துக்கொண்டுதான் போட்டேன்.

இந்த எரிச்சலில் நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் அஞ்சம்மா வந்தார். அறுவடைக் கூலிக்காரர்களின் சங்கத்தில் அவர் முன்னணி ஆள். நாற்பது வயது இருக்கும். கடை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் சேரியிலிருந்து வந்த ஒருவர் அப்படி உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலாளி ஒரு கணம் முழித்துவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. பண்ணை நிலத்தின் ஓரத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர்களுக்கு, முதல் தடவையாகக் கால் வைக்கச் சொந்தமாக ஓர் அடி மண் கிடைக்கப்போகிறது. பேர் எழுத அதிகாரிகள் தெருத்தெருவாக வரும் நாளைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் போஸ்டர்.

"அன்னிக்கி ஒருத்தரும் வேலைக்குப் போவக் கூடாது தம்பி. அவங்கவங்க வூட்டு வாசல்ல நிக்கணும். நின்னாத்தான் பேரு எழுதுவாங்க. இல்லன்னா, அங்க யாரும் குடியில்லன்னு பண்ணையில சொல்லிப்புடுவாங்க. கிட்ட இருக்கற தெருவுக்கெல்லாம் நானே போயி சொல்லிடுவேன். கடைமடையில எங்க அக்கா இருக்கற தெரு ரொம்பத் தொலவு. அங்க எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட ஆளு கெடையாது. படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"என்ன படம் போடணும்?" என்றேன்.

"ராக்கெட்டு போடுங்க."

இவருமா! எனக்கு உச்சி கொதித்தது. "ராக்கெட்டுக்கும் உங்க மனைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ராக்கெட்டு போட்டிருந்தா நல்ல சேதின்னு எங்காளுங்க நெனப்பாங்க. வழியில போற யாரையாச்சும் புடிச்சிப் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க."

"ராக்கெட் போட மாட்டேன். படத்த எங்கிட்ட வுட்டுடுங்க. பிரமாதமா ஒண்ணு போட்டுத் தரேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "படிச்ச புள்ள சொல்றீங்க" என்று எழுந்து போனார். மறுபடி வந்து பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

நான் பார்த்துப் பார்த்து வெட்டினேன். ஒரு விவசாயத் தொழிலாளி. நெஞ்சு எலும்பு ஒவ்வொன்றும் எண்ணலாம். உயர்த்திய கையில் கருக்கரிவாள். பின்னால் சூரியன். சிவப்பு மையில் அடித்தபோது எனக்கே கண் கலங்கியது. பாகற்காய்க் கலைஞன் செத்தான், நிஜ ஓவியன் பிறந்தான் என்று நினைத்துக்கொண்டேன். போஸ்டரை மாடு தின்றுவிடக் கூடாதென்று பசையில் மயில்துத்தத்தை நானே கை நிறைய அள்ளிப் போட்டேன். மயில்துத்தம் விஷம், அது கலந்த பசையில் மாடு வாய் வைக்காது. ஒரு மாடும் வைக்கவில்லை. ஒரு மாடாவது அதைத் தின்று தொலைத்திருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைக்கிறேன்.

அது தை மாதம். சம்பா அறுப்பு தொடங்கப்போகிற நேரம். அறுப்பு நேரத்தில் சிவப்பில் அரிவாள் படம் ஒட்டினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கூலித் தகராறு, அறுப்பு நிறுத்தம், பின்னாலேயே போலீஸ் வேன். முந்தின வருஷம்தான் கடைமடைத் தெருவிலிருந்து ஆண்பிள்ளைகளை வேனில் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், எனக்கு இது தெரியாதா? தெரியும். கலை கண்ணை மறைத்துவிட்டது. இல்லை, பூசி மெழுகுவானேன், திமிர் மறைத்துவிட்டது.

பத்து நாள் கழித்து அஞ்சம்மா கடைக்கு வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"கடைமடையில போஸ்டர ஒட்டின ஒடனே தெருவே காலி தம்பி. வாசல் ஓலைப் படலச் சாத்திட்டு, புள்ளகுட்டியத் தூக்கிட்டு, கெடச்ச பக்கமெல்லாம் போயிட்டாங்க. எங்க அக்கா முப்பது வருசமா இருக்கற வூடு. பேரெழுத வந்தவங்க பாத்துட்டு, ஆள் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"நான்... உங்களுக்கு ஒசத்தியா ஒண்ணு செய்யணும்னுதாம்மா..."

"எங்களுக்கு என்ன, ராக்கெட்டுல ஏறணும்னா ஆசை? ராக்கெட்டு போட்டா போலீசு வராது. அவ்வளவுதான் தம்பி." கத்தவில்லை, சபிக்கவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் முறையீட்டுக் கூட்டத்துக்கு நானே கட்டை எடுத்து ஒரு ராக்கெட் வெட்டினேன். என் வாழ்க்கையிலேயே நான் வெட்டின நல்ல ராக்கெட் அதுதான். வால் எல்லாம் ஒழுங்காக அமைந்தது. கூட்டம் அலைமோதியது. கடைமடைத் தெரு முழுசும் வந்து நின்றது. மனு கொடுத்தார்கள். பட்டியல் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதற்கப்புறமும் அஞ்சம்மா நடையாய் நடந்தார். மற்றத் தெருக்களுக்கெல்லாம் மனை கிடைத்தது. அந்த ஒரு தெருவுக்குக் கிடைக்கவில்லை. மறு வருஷம் குடிசைகளைப் பிரித்துவிட்டு, அங்கே உழவு ஓட்டினார்கள். அக்கா வேளாங்கண்ணிப் பக்கம் போய் மீன்கூடை சுமந்ததாக அஞ்சம்மா சொன்னார். நான் அச்சக வேலையை விட்டுவிட்டேன்.

வேதாரண்யம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பேன். முதலில் நெல் இருந்தது. இப்போது இறால் குட்டை. தண்ணீரைக் கலக்குகிற சக்கரங்கள் நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தெரு இருந்ததற்கு ஒரு கல் இல்லை, ஒரு முருங்கை மரம் இல்லை. நடத்துநரிடம் அந்தத் தெருப் பேரைச் சொல்லிப் பார்த்தேன். "அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லீங்களே" என்றார்.

கூடத்தில் நான் அந்தப் போஸ்டரையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மச்சினன் மகன் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தான். "என்ன மாமா, டிசைன்ல ஏதாச்சும் குறையா?"

"நல்லாத்தான் போட்டிருக்கே. ஆனா ஒரு ஆளக்கூடக் காணுமே?"

"அது காலி இடம்தானே மாமா. அங்க யாரு இருக்கா?"

"நல்லாப் பாத்தியா?" என்றேன். "படலத் தட்டிப் பாத்தியா?"