ராயபுரத்துக் கருஞ்சிட்டு

பன்னிரண்டாவது வயதில் உலகத்துக்குப் புதிய பறவை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். ஈரத்துணியால் துடைத்தால் அழிந்துபோகிற இனம் அது. இதை ஒப்புக்கொண்டபின் என் அறிவைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்தைந்து வருடமாக அது எனக்குள் காயாமலே கிடக்கிறது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் காலையில் எழுந்தால் தலையணையில் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாகவும் சுற்றிலும் சாம்பலாகவும் இருக்கும். பல்லைக் கடித்தால் நறநறவென்னும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கப்பலிலிருந்து இறக்கிய நிலக்கரியைத் திறந்தவெளியில் குன்று குன்றாகக் கொட்டிவைத்திருந்தார்கள். கடற்காற்று அதை வீடு வீடாகப் பங்குபோட்டுக் கொடுத்தது. நாங்கள் அதைத் தூசு என்று சொன்னதில்லை. 'பொடி' என்போம், ஏதோ இட்லிக்குத் தொட்டுக்கொள்வதைப் போல. அம்மா கொடியிலிருந்து எடுத்த துணியை மறுபடியும் துவைக்கப் போடும்போது எதையாவது முணுமுணுத்தால், நாங்கள் 'நைனா' என்று கூப்பிட்ட அப்பா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஒரே பதிலைத் தயாராக வைத்திருந்தார்: "கரிக்கப்பல் வந்தாத்தான் நம்ம வூட்ல ஒலை கொதிக்கும். கம்முனு கெட."

என் தங்கை செல்வி என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுக்கு 'இழுப்பு', அதாவது மூச்சிரைப்பு. டாக்டர் வருடத்துக்கு ஒன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார்: முதலில் தயிர், அப்புறம் வாழைப்பழம், ஐஸ், தலைக்குக் குளிப்பது, கடைசியில் ஓடி விளையாடுவதும். நிலக்கரியைத் தவிர எல்லாவற்றையும் அவளுக்கு நிறுத்திவிட்டார்கள். 'ஊதக்காத்து ஒத்துக்கல' என்றார்கள் தெருப் பெரியவர்கள். காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் காற்று ஜில்லென்று இருப்பதைக் குறைசொன்ன புத்திசாலிகள். சாயங்காலமானால் அம்மா முந்தானையால் அவள் மூக்கைத் துடைப்பாள், முந்தானை கறுத்துப்போகும். "இன்னாடி, மூக்குல மை ஊத்திக்கினியா?" என்பாள் அம்மா. நாங்கள் எல்லோரும் சிரிப்போம், செல்வி உட்பட.

ஓடக்கூடாத தங்கையும், ஓடினாலும் கடைசியாக வருகிற அண்ணனும் வேறென்ன செய்வது? பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த பறவைப் படப் புத்தகம் ஒன்று எனக்குக் கிடைத்தது. கொல்லைப்புறம் என்றதும் வாழைத்தோப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம்: எங்களுடையது ஒரு கைபம்பு, ஒரு துவைக்கிற கல், சுவரோரம் ஒரு முருங்கை, அதனடியில் இரண்டு முழ மண். அதற்கு எதிரே அடுக்களைப் படியில் உட்கார்ந்து செல்வி பார்ப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். கொடியில் வந்து உட்காருகிற தட்டான் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறது, கம்பளிப்பூச்சி மரத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுவரை அவள் கவனிப்பாள். நான் தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுப்பேன். பிற்காலத்தில் நான் பார்த்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் வேலை இப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது.

அந்த இரண்டு முழ மண்ணுக்குத்தான் கறுப்புக் குருவிகள் வந்தன. சிட்டுக்குருவி அளவு, அதே மூக்கு, அதே தத்தல், ஆனால் உடம்பெல்லாம் கறுப்பு. புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. சிட்டுக்குருவிகள் புழுதியில் குளிக்கும் என்று இன்று எனக்குத் தெரியும். எங்கள் புழுதி என்ன நிறம் என்பது அன்றே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மூளைதான் அன்று வீட்டில் இல்லை, அல்லது அது செல்வியிடம் இருந்தது. கூடையைக் குச்சியில் நிறுத்தி, அரிசி தூவி, அரை நாள் அசையாமல் உட்கார்ந்து கயிற்றை இழுத்து ஒன்றைப் பிடித்தவள் அவள். பிடித்ததும் உள்ளங்கையைக் காட்டினாள்: "ணா, இங்க பாரு, கைல கரி ஒட்டிக்கினு கீது."

நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் கையில் பொடி ஒட்டுவதில்லையா? நோட்டில் எழுதினேன்: 'இப்பறவையின் இறகிலும் பொடி உண்டு.' அதற்கு மேலே பெரிய எழுத்தில்: 'ராயபுரத்துக் கருஞ்சிட்டு. கண்டுபிடித்தவர்' என்று போட்டு என் பெயர். கீழே, இடம் மிச்சமிருந்ததால், 'உதவி: செல்வி.'

பள்ளிகளுக்கிடையிலான அறிவியல் கண்காட்சி ரயில் பாலத்துக்குத் தெற்கே, கரி எட்டாத பக்கத்தில் ஒரு பெரிய பள்ளியில் நடந்தது. காற்றுக்கு ஓட்டை போட்ட செருப்பு டப்பாவில் குருவியோடு நானும், டப்பாவைப் பிடித்துக்கொள்ளச் செல்வியும் போனோம். நடுவராக வந்திருந்த பேராசிரியர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் அவரோடு தீர்ந்திருக்கும் என் கோபம். என் நோட்டை முழுக்கப் படித்தார். குருவியை லாவகமாகக் கையில் எடுத்தார். "தம்பி, இதைக் குளிப்பாட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அதன் முதுகில் இரண்டு முறை தடவினார். கறுப்புப் போய்ப் பழுப்பு வந்தது. தொண்டையில் கறுப்புப் பட்டையோடு, சாதாரண ஆண் சிட்டுக்குருவி.

கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் பள்ளி வாத்தியார்தான் முதலில் சிரித்தார். பேராசிரியர் கைக்குட்டையைக் கறுப்பு உள்ளே போகும்படி நான்காக மடித்து, சட்டைப்பைக்குக் கொண்டுபோனவர் ஒரு கணம் யோசித்து, பக்கத்திலிருந்த பியூனிடம் கொடுத்தார்: "இதை எங்கயாவது போட்டுடுங்க."

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அத்தனை படித்தவர்கள் இருந்த கூடத்தில் எல்லோரும் குருவியைப் பார்த்தார்கள். கைக்குட்டையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஒரு குருவியின் முதுகில் இவ்வளவு இருந்தால் அதே மண்ணில், அதே காற்றில் வளருகிற குழந்தையின் நெஞ்சில் எவ்வளவு இருக்கும் என்று கேட்க விஞ்ஞானம் வேண்டாம், துணி துவைத்த அனுபவம் போதும். அந்தக் கண்காட்சியின் இரண்டாவது காட்சிப்பொருள் என் பக்கத்திலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. அதற்குப் பரிசு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் என்ன செய்தேன்? "சாரி சார்" என்றேன். ஊரையே கரியால் மூடினவன் ஒருத்தனும் இன்றுவரை சொல்லாத வார்த்தையை, அதைப் பூசிக்கொண்டு நின்ற நான் சொன்னேன்.

அதோடு விட்டேனா? வழியெல்லாம் செல்வியைத் திட்டிக்கொண்டே வந்தேன், கலீஜ் குருவியைப் பிடித்தது அவள்தான் என்று. அவள் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் இழுப்பு வந்துவிட்டது. "அழுதா இழுக்கும்னு தெரியாது உனுக்கு? ஏண்டா அழ வெச்ச?" என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். நைனா வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விசிறினார். கழுவிய தண்ணீர் கைபம்படியில் கறுப்பாக ஓடியது. அந்த இழுப்புக்கு நான்தான் காரணம் என்று ரொம்ப காலம் நம்பினேன். அவ்வளவு பெரிய கரிக்குன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பையனின் வாயைக் குற்றவாளியாக்கி முடித்துவிட்டார்கள்.

நோட்டை அன்றே அடுப்பில் போட்டேன். முருங்கையும் அந்த மண்ணும் இருந்த இடத்தில் இன்று மூன்று மாடி நிற்கிறது. கரியை இன்னும் வடக்கே தள்ளிவிட்டார்கள். அங்கே தலையணைகளே கிடையாது என்று கணக்குப் போலிருக்கிறது. நான் திருவொற்றியூரில் மொட்டைமாடியில் விலையுயர்ந்த பைனாகுலரோடு நிற்கிறேன், வருவதெல்லாம் புறா. கரியில் புரண்டும் எங்களோடு இருந்த சிட்டுகள், துணி ஓரளவு வெள்ளையாகக் காயத் தொடங்கியபின் காணாமல் போய்விட்டன.

செல்வி இப்போது அந்த வடக்கில்தான், மீஞ்சூரில் இருக்கிறாள். இன்ஹேலர் இல்லாமல் வாசற்படி இறங்கமாட்டாள். தாமதமான மன்னிப்பாக இருக்கட்டும் என்று இதுவரை எழுதியதைப் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்தபோது அவளுக்கு மூச்சு இழுத்தது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். மருந்தை இரண்டு முறை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எல்லாம் சரிதான்ணா," என்றாள். "தொண்டையில கறுப்புப் பட்டை, ஆம்பளச் சிட்டுன்னு எழுதிக்கீறியே, அவரு தொண்டைய எங்க தொடச்சாரு? முதுகத்தான தொடச்சாரு? அதுவும் கரிதான். அது பொட்டச் சிட்டு. அப்பவே சொன்னேன், நீ எழுதிக்கல."