பையனாக இருந்தாலும் வேண்டாம்

மகாராஷ்டிராவில், தாபோடியில் என் அண்ணன் வீட்டுச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி பழைய சேஃப்டி ஷூ இருக்கிறது. கறுப்பு நிறம், விரல் பக்கம் உள்ளே இரும்புத் தகடு வைத்தது. போசரியில் சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், சேரும் நாளுக்கு முன்பே மதினி அதை வாங்கி வந்துவிட்டாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. வாங்கி வந்த அன்று முதல் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள். சப்பாத்தி தேய்க்கும்போதும் ஷூ, துணி மடிக்கும்போதும் ஷூ. "பழகணும்லா? நின்னுக்கிட்டே செய்யுத வேலையாம்ளா" என்பாள். அவளுடைய இரண்டு பெண்களும் பின்னாலேயே போலீஸ்காரர் மாதிரி மிடுக்காக நடந்து காட்டிச் சிரிப்பார்கள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து, படித்ததை மிக்ஸி ரிப்பேர் பார்க்க மட்டுமே பயன்படுத்திக்கொண்டிருந்தவள். அந்த ஷூவில் நடக்கும்போது அவள் முகத்தில் ஒரு திமிர் இருந்தது. எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடித்திருந்தது.

கொஞ்ச நாளாக அந்த ஷூ என்னை நிம்மதியாக உட்கார விடவில்லை. ஹிஞ்சேவாடியில் எனக்கு எண்களைப் படமாக்கும் வேலை. யாரோ திரட்டிய கணக்கைக் கோடாகவும் கட்டமாகவும் மாற்றித் தருவேன். இந்த முறை வந்தது மகாராஷ்டிராவின் கருக்கலைப்புக் கணக்கு. எந்த ஆண்டில் எவ்வளவு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கோடு ஏறி, ஓரிடத்தில் சட்டென்று இறங்கி, மறுபடி தள்ளாடி எழுந்தது, அவ்வளவுதான். மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் அந்தப் பள்ளத்தைக் காட்டி, "இதற்கு ஒரு வரி காரணம் போடுங்கள், பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டும்" என்றார். பக்கத்திலிருந்தவர் யோசிக்கவே இல்லை. "விழிப்புணர்வு அதிகரித்தது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல வார்த்தைதான், எந்தப் பள்ளத்தில் போட்டாலும் நிரம்பிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பள்ளம் இருந்த காலம்தான் நான் தாபோடியில் அண்ணன் வீட்டில் தங்கி, கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வந்த காலம். மதினி ஷூ வாங்கிய காலமும் அதுதான்.

ஷூ வந்த கொஞ்ச நாளிலேயே மதினிக்கு நாள் தள்ளிப்போயிற்று. இரண்டாவது பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி அவளைப் பிழைக்க வைப்பதே பெரும்பாடாக இருந்ததை அந்த வீடு மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. ஆனால் என்னிடம் அவள் முதலில் சொன்னது அதை இல்லை. "எனக்கு வேண்டாம்ளா. வேலைக்குப் போவணும்" என்றுதான் சொன்னாள். தெருமுனை டாக்டர் பரிசோதித்து, ஆரம்ப நிலைதான், மாத்திரையே போதும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு நாங்கள் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். பெண் கருக்களைக் கலைப்பதைத் தடுக்க அப்போது ஊரெங்கும் சோதனை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பயந்து மருந்துக் கடைக்காரர்கள் அந்த மாத்திரையை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டிருந்தார்கள். சிலர் இல்லை என்றார்கள். சிலர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எத்தனை பிள்ளைகள்?" என்று இந்தியில் கேட்டார். மதினி உள்ளதைச் சொன்னாள். இரண்டு பெண்கள் என்றதும் அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அந்தக் கேள்விதான். இரண்டு பெண்களுக்கு மேல் ஒன்று வேண்டாம் என்கிறாள் என்றால் வயிற்றில் இருப்பது மூன்றாவது பெண் என்று எங்கேயோ பார்த்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள், இதுதான் வெளியில் எல்லோரும் போட்ட கணக்கு. அப்படிப் பார்த்துச் சொல்கிற அளவுக்கு அந்தக் கரு வளரவே இல்லை. அதைச் சொன்னாலும் எடுபடவில்லை. வீட்டிலோ கணக்கு நேரெதிராக ஓடியது. ஊரிலிருந்து போன் மேல் போன். இந்தத் தடவை பையன்தான், ஜாதகத்தில் இருக்கிறது, கலைத்துக் கிலைத்து வைக்காதே. தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் ஸ்டோர் வேலை பார்க்கும் என் அண்ணன் கத்துகிற ஆள் இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே மெதுவாக, "இருந்துட்டுப் போட்டுமே. ஒருவேள பையனா இருந்தா?" என்றான்.

மதினி ஈரக் கையோடு அப்படியே நின்றாள். "பையனா இருந்தாலும் வேண்டாம்னுதான் நான் சொல்லுதேன். வெளிய உள்ளவங்க பொண்ணுன்னு நெனச்சிக் கலைக்கேன்னு சொல்லுதாங்க. நீங்க பையனக் கலைக்கேன்னு சொல்லுதிய. எனக்கு வேண்டாம்னு சொன்னா ஒரு ஆளு நம்ப மாட்டேங்கியளே!" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று முதல் அவள் வீட்டுக்குள் ஷூ போட்டு நடப்பதை நிறுத்திவிட்டாள்.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் சேர வேண்டிய நாள் ஒருபக்கம் நெருங்கியது, மறுபக்கம் மாத்திரைக்கான காலம் தாண்டியது. கடைசியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வயதான மராத்தி டாக்டரம்மா ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். கருவின் பாலினம் சொல்லப்படாது என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. மதினி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "நான் உன்னை நம்புகிறேன். ஆனால் புருஷன் வர வேண்டும்" என்றார். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பதுதான் சட்டம் என்று நான் குறுக்கே விழுந்து வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. "சட்டம் எனக்கும் தெரியும் மகளே. நாளைக்கு 'என் பையனைக் கொன்றுவிட்டாய்' என்று இவள் புருஷன் வாசலில் வந்து நின்றால் சட்டம் எனக்குத் துணைக்கு வராது" என்றார். அவர் சொன்னதில் இருந்த பயம் உண்மை. அதற்காக அது நியாயம் ஆகிவிடாது. இன்றுவரை அந்த அம்மாவைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை எனக்கு.

மறுநாள் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்தான். டாக்டரம்மா அவனிடம் சுற்றி வளைக்கவில்லை. பையனாக இருந்தால் என்ன சொல்வாய் என்று நேராகக் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். மதினி அவன் பக்கம் திரும்பவே இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவளுடைய வேலை, உடம்பு, படிப்பு எல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் வாயைத் திறப்பதில் வந்து நின்றிருந்தது. எனக்கு அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. கடைசியில் அண்ணன், "யே ஜோ போல்தீ ஹை, வஹீ" என்றான். இவள் என்ன சொல்கிறாளோ அதுதான்.

மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது, மயக்க ஊசி போட்டுச் செய்வதாகிவிட்டது. உடம்பு தேறும் முன்பே வேலையில் சேரும் நாள் வந்தது. இரண்டு நாள் தள்ளிக் கேட்கலாம் என்றதற்கு மதினி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். எழும்போது கண் இருட்டியிருக்க வேண்டும், கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடியை விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்து போனாள். அந்த டாக்டரம்மா அவளைக் கணக்கில் எழுதினாரா, பயந்து எழுதாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. என் திரையில் இருக்கும் அந்தக் கோட்டுக்குள் மதினி இருக்கிறாளா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். அவளைப் போலக் கடைகளில் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியவர்கள் எந்தக் கோட்டிலும் இல்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

'விழிப்புணர்வு' என்ற வரியை நான் போடவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினேன். மேனேஜர் முகம் சுளித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் தாபோடிக்குப் போனேன். மதினி இப்போது அதே தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அன்று அவளுக்கு ஓவர்டைம். வாசலில் அண்ணன் பழைய ஷூவைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து வைத்துக்கொண்டு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். மூத்தவளுக்குக் காலேஜ் ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டுமாம், அம்மாவுடையது சரியாக இருக்கிறதாம். எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு டாக்டர்ட்ட சொன்னத மனசாரத்தான் சொன்னியா?"

அவன் பிரஷை நிறுத்தவில்லை. "இல்ல. அன்னைக்கு அவ சொன்னத நான் நம்பல. வாய்தான் சொல்லிச்சு."

"பொறவு?"

"மறுவாரம் இந்த ஷூவப் போட்டுக்கிட்டு, நிக்க முடியாம நின்னா பாத்தியா? கதவப் பிடிச்சிருந்த கைய விட்டாள்லா. அப்பதான் நம்புனேன்" என்றான். பிறகு ஷூவின் முன்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான்.