முள் நசுக்கிய கொக்கி

கயாக் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்க நீளத் தூண்டில் சரிப்படாது. குட்டைக் கோலும் சின்ன ரீலும் ஹட்டன் கடையில் ஆசையாகப் பொறுக்கி வாங்கியிருந்தேன். அன்று காலை அவற்றால் பயனில்லை. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் முந்திய நாள் நீர்த்தேக்கத்தில் குதித்துவிட்டாள். உடலை மூழ்கித் தேடும் சுழியோடிகள் மறுநாள்தான் வருவார்களாம். சுற்றுலாப் பயணி என்றால் உடனே வந்திருப்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படகு வைத்திருந்தது நான் மட்டும்தான்.

கரையில் பெட்டியைத் திறந்து, கனத்த கோலையும் தடித்த தங்கூசி நூலையும் எடுத்தேன். ஆழத்துக்குப் போகும் இரும்புப் பொய்மீனைக் கோத்தேன். அதன் அடியில் மூன்று முனைக் கொக்கி. அவள் புருஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அது கிழிச்சிராதுங்களா?"

குறடால் ஒவ்வொரு முனையிலும் இருந்த எதிர்முள்ளை நசுக்கினேன். இனி அவ்வளவாகக் கிழிக்காது. ஆனால் நூல் தளர்ந்தால் பிடித்தது கழன்றுவிடும்.

மதியத்துக்குள் அவளுடைய சுவெட்டரில் கொக்கி மாட்டியது. கோலைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, நூல் தளராமல் கரையை நோக்கித் துடுப்புப் போட்டேன்.

புருஷன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான்.

"மெதுவா வாங்கண்ணே," என்றான். "அவளுக்குத் தண்ணின்னா பயங்க."