பூக்குழியில் ஆணி

எங்கள் தோட்டத்துக் கோயில் தீமிதிக்கு எப்போதும் காய்ந்த ரப்பர் கட்டைதான் எரிப்போம். போன வருடம் கோயில் தலைவர் ஒரு லோரி நிறையப் பழைய பேலட் பலகைகளைக் கொண்டுவந்து பூக்குழி ஓரமாக இறக்கினார். கம்பெனிகளில் சரக்கு அடுக்கும் பலகைகள். சும்மா கிடைத்தனவாம்.

நான் பாடாங் செராயில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பேலட் என்றால் பலகைக்குப் பலகை ஆணி என்பது எனக்குத் தெரியும். அந்த வருடம் குழியில் இறங்க என் மனைவி காப்புக் கட்டியிருந்தாள். மகள் டெங்கியிலிருந்து பிழைத்ததற்கு நேர்த்திக்கடன்.

கூட்டத்தில் பேச எனக்கு வாய் வராது. தலைவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, இதுல பூரா ஆணிண்ணே. கட்டை எரிஞ்சாலும் ஆணி அப்படியே கெடக்கும்."

"அதெல்லாம் வெந்துரும்லா தம்பி. ஆத்தா பாத்துக்குவா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பந்தல் சாய்ந்திருந்தால் ஆத்தா பார்த்துக்கொள்வாள். ஈரத் தரையில் கரண்டு வயர் கிடந்தாலும் ஆத்தா. இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஆயிரம் கட்டுப்பாடு: கறி தின்னாதே, மெத்தையில் படுக்காதே, செருப்புப் போடாதே. குழி தயார் செய்கிறவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. தங்கள் சோம்பலைத் தூக்கி அம்மன் தலையில் வைத்துவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் சொல்கிறார்கள்.

காரிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து ஆணி பிடுங்க உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற பையன்கள் கேலி பேசினார்கள்.

"டேய், இன்ஸ்பெக்டர் வந்துட்டாருடா!"

"பழைய இரும்புக் கடைக்காண்ணே?"

பாதி ஆணிகள் தலை முறிந்து மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டன. அதற்குள் பூசாரி கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். நான் எழுந்து போய்ப் பலகைக் குவியலின் மேலேயே உட்கார்ந்தேன்.

"என் பொண்டாட்டி எறங்குறாண்ணே. இதைத்தான் கொளுத்துவீங்கன்னா, மொதல்ல நீங்க எறங்குங்க."

தலைவர் எந்த வருடமும் இறங்கியதில்லை. மைக் பிடிப்பதோடு சரி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பூசாரி தட்டைக் கீழே வைத்தார்.

"கட்டைய மாத்துங்கப்பா. அப்புறம் ஏத்துறேன்."

கரங்கான் ஊரிலிருந்து ரப்பர் கட்டை வந்து சேர்ந்து, அது எரிந்து தணலாவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சில தனிநபர்களால் தாமதம் என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். என் மனைவி இறங்கினாள், நல்லபடியாகக் கரையேறினாள். மற்றவர்களும் அப்படியே.

மறு வாரம் சாப்பாட்டுக் கடையில் தலைவர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா தம்பி, யாருக்கும் ஒன்னும் ஆவல. நீதான் சும்மா கலாட்டா பண்ணிட்ட."

ஆணி இல்லாத தணலில் நடந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அந்த மனிதருக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? வாங்கிய தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வருடமும் அவர்தான் தலைவர்.