பெயர் எழுதாத பக்கம்

அறுபதுகளில் ராயபுரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் எழுத்தராக இருந்தேன். கிடங்கு ஊழியர்களுக்கு நடந்த முதலுதவித் தேர்வில் நான்தான் முதல். தோளிலிருந்து விரல்நுனி வரை முப்பத்திரண்டு எலும்புகளையும் சுவர்ப்படம் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். கடற்காற்றில் படம் அசையும்போது எலும்புக்கூடு என்னைக் கையசைத்துக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

ஒரு மதியம் மூட்டை சரிந்து, சுமை தூக்கும் அந்தோணிக்குக் கழுத்தையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பு முறிந்தது. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, மனதில் படத்தை விரித்து, எலும்புகளை ஒப்பித்தபடி அவன் கையைத் துணியால் கழுத்தோடு கட்டினேன்.

அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்: "கட்டு ஷோக்கா கீது நைனா. ஆனா ஒடஞ்சது அந்தாண்ட கை."

படத்தில் ஒரு கைக்கு மட்டுமே பெயர்கள் எழுதியிருந்தன. எனக்குத் தெரிந்த கையைக் கட்டியிருந்தேன்.

"இன்னாய்யா ஆச்சு?" என்றார் அதிகாரி.

"மொதல்ல நல்ல கைய கட்டிப் பாக்கணுமாம் சார். அதான் ரூல்ஸாம்," என்றான் அந்தோணி. அதிகாரி தலையாட்டினார். விதிகளை அவர் என்றுமே படித்ததில்லை.

பிறகு அந்தோணியே என் விரல்களைப் பிடித்து முறிந்த இடத்தில் வைத்தான். தோலுக்கடியில் எலும்பு, தண்ணீருக்குள் மீன்போல், வெதுவெதுப்பாக நகர்ந்தது.

இன்றும் சட்டை மாட்டும்போது என் விரல்கள் காறை எலும்பின்மேல் சற்று நின்றுவிடுகின்றன. வலியிலும் என் மானத்தைக் காத்தவனை அங்கே தேடுகின்றன போலும்.